வெந்நீர் பிளாஸ்க்

ஜனவரி 6
வார்டு நோயாளியின் ரத்தம் லேபுக்கு வந்தது.
ஹீமோகுளோபின் 7.2. சிவப்பணு 1.32 மில்லியன், எம்சிவி (அணுவின் சராசரி அளவு) 118, எம்சிஹெச்சி (அணுவுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி) 46. ஓர் அணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினைத் திணிக்க முடியாது. எம்சிஹெச்சி 37-ஐத் தாண்டினாலே மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். ட்யூபைச் சாய்த்தால் சுவரில் ரவை ரவையாக ஒட்டுகிறது; ஒட்டிய அணுக் கட்டியை மெஷின் ஓர் அணுவாக எண்ணுகிறது. 37 டிகிரி தண்ணீரில் அரை மணி வைத்து மறுபடி ஓட்டியதில் சிவப்பணு 2.30, எம்சிவி 95, எம்சிஹெச்சி 33. ஹீமோகுளோபின் அதே 7.2. அணுவை உடைத்து அளப்பதால் அதற்குக் கட்டி ஒரு பொருட்டில்லை.

ஜனவரி 7
ரெட்டிக் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை. ரத்தமும் நியூ மெத்திலின் ப்ளூ சாயமும் சமபங்கு, 37 டிகிரியில் 20 நிமிடம். 1000 அணுவில் 90. ஒன்பது சதவீதம் என்று அப்படியே எழுதினால் மிகை. ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 22, இயல்பு 45; 9 × 22 ÷ 45 = 4.4. இளம் அணுக்கள் முன்கூட்டியே வெளியே வருவதால் இன்னொரு 2-ஆல் வகுத்தால் 2.2. மஜ்ஜை சும்மா இல்லை.

எல்டிஹெச் (அணு உடைந்தால் ஏறும் என்சைம்) நிறுத்தி வைப்பு. சீரம் (உறைந்த ரத்தத்தின் மேல்நீர்) ரோஸ் நிறம். அணுக்களை ஊசி உடைத்ததா, உடம்பே உடைத்ததா? மறுபடி எடுக்கணும்: 21 கேஜ் ஊசி, கையில் கட்டு இறுக்காமல், சிரிஞ்சை மெல்ல இழுத்து.

இரவு
இரண்டாவதும் ரோஸ். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ரத்தம் மூன்று பிளஸ். சுழற்றிய வண்டலில் சிவப்பணு ஒன்றுகூட இல்லை. மயோகுளோபின் (தசைப் புரதம்) என்றால் சீரம் தெளிவாக இருந்திருக்கும். ஊசி மேல் தப்பில்லை.

ஜனவரி 8
கூம்ஸ் (சிவப்பணுமேல் ஆன்டிபாடியோ காம்ப்ளிமென்ட் என்ற புரதமோ ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை). ஊதா மூடி ட்யூப்தான். அதிலுள்ள ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ட்யூபுக்குள் காம்ப்ளிமென்ட் புதிதாக ஏறாது. ஃப்ரிட்ஜில் கிடந்த சிவப்பு மூடியில் செய்தால் பொய்யான சி3 (ஒரு காம்ப்ளிமென்ட் புரதம்) வரும், எத்தனை முறை சொல்வது.
சாதா சலைனில் கழுவியதும் ரீஏஜென்ட் சேர்க்காத கன்ட்ரோல் ட்யூபே கட்டியானது. கன்ட்ரோல் கட்டினால் எதையும் படிக்க முடியாது. சலைனையும் 37-க்குச் சூடாக்கி நான்கு கழுவல். கடைசித் துளியைக்கூடத் தாளில் ஒற்றி எடுக்கணும். மிஞ்சிய பிளாஸ்மா ரீஏஜென்ட்டைத் தின்றுவிடும். ஐஜிஜி (ஓர் ஆன்டிபாடி வகை) நெகட்டிவ். செக் செல் (ஐஜிஜி பூசிய அணு) விட்டதும் கட்டியது, அதனால் அந்த நெகட்டிவை நம்பலாம். சி3டி (சி3-இன் துண்டு) மூன்று பிளஸ்.

ஜனவரி 9
குளிரில் அணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடியின் டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் கட்டுகிறது என்ற அளவு) 4 டிகிரியில் 32. நம்பிக்கை இல்லை. வார்டிலிருந்து ட்யூப் வெறுங்கையில், சூடில்லாமல் வந்தது. மார்கழிக் குளிரில் ஆன்டிபாடி அணுமேல் போய் ஒட்டிக்கொண்டால் சீரத்தில் என்ன மிஞ்சும்?

ஜனவரி 10
சாம்பிளைச் சூடாகக் கொண்டுவர வார்டுக்கு பிளாஸ்க் அனுப்பியாச்சு.

ஜனவரி 11
கொதிநீர் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள்! திறந்தால் ஆவி. 50 டிகிரியிலேயே சிவப்பணு சிதறிவிடும். சாம்பிள் குப்பைக்கு.

ஜனவரி 12
தெர்மாமீட்டர் வைத்து 37. சூட்டிலேயே உறைந்து, சூட்டிலேயே சீரம் பிரித்தாயிற்று. டைட்டர் 512. 64-க்கு மேல் போனாலே கவனிக்கணும். ஆனால் எண்ணைவிட பயமுறுத்துவது, 30 டிகிரியிலும் கட்டுகிறது. 37-இல் இல்லை. கிராஸ்மேட்ச் (ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்ற சோதனை) எல்லாம் முன்சூடு செய்துதான்.

ஜனவரி 13
ஹீமோகுளோபின் 6.1. ஒரு பை ரத்தம், வார்மர் (சூடாக்கும் கருவி) வழியாக. காலை சாம்பிள் இன்னும் வரவில்லை. பிளாஸ்க்கும்.