மணி கேட்கும் தம்பதி

2009 ஜனவரியில் ஓஹையோவின் கொலம்பஸில் வந்து இறங்கினேன். எச்4 விசா. கணவரோடு இருக்கலாம், வேலைக்குப் போகக் கூடாது. காலையில் அவர் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். கார் ஓட்டத் தெரியாத எனக்கு நடக்கிற தூரத்தில் இருந்தது பொது நூலகம் ஒன்றுதான். அங்கே டிவிடிகளையும் இலவசமாகத் தந்தார்கள். புதுப் படங்களை முந்திக்கொண்டு எடுத்துப் போய்விடுவார்கள்; பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அலமாரியிலேயே இருக்கும். அப்படிக் கைக்கு வந்ததுதான் 'காசாபிளாங்கா'.

1942-இல் முதலில் திரையிடப்பட்ட படம். காதல் கதை என்பார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது விசா. நாஜிகளிடம் தப்பிய கூட்டம் மொராக்கோவில் காசாபிளாங்கா என்ற ஊரில் சிக்கிக் கிடக்கிறது. போர்ச்சுகலின் லிஸ்பன் வழியாக அமெரிக்கா போக ஒரு தாள் வேண்டும். அதற்காக நகையை விற்கிறார்கள், சூதாடுகிறார்கள், அதிகாரியின் முகத்தையே பார்த்து நிற்கிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்களின் பாடு வேறு, என்னுடையது வேறு. ஆனாலும் சென்னையில் தூதரக வாசலில் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவள் நான். அந்த முகங்கள் எனக்குப் பழக்கமானவை.

அதில் ஒரு சின்னக் காட்சி. அமெரிக்கா புறப்படவிருக்கும் வயதான ஜெர்மன் தம்பதி, இனி ஆங்கிலம்தான் என்று முடிவு செய்து பேசிப் பழகுகிறார்கள். மணி என்ன என்று கேட்க வேண்டிய கணவர், ஜெர்மன் வாக்கியத்தை அப்படியே திருப்பி 'எந்தக் கடிகாரம்' என்பதுபோல் கேட்கிறார். மனைவியும் அதே மாதிரி பதில் சொல்கிறார். இருவருக்கும் புரிந்துவிடுகிறது, முகத்தில் அப்படி ஒரு நிறைவு! படம் பார்ப்பவர்கள் சிரிக்கும் இடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முதல் வாரம்தான் கடையில் 'பிரிஞ்சால்' எங்கே என்று மூன்று முறை கேட்டு, யாருக்கும் புரியாமல், கத்தரிக்காய் வாங்காமலே வீடு திரும்பியிருந்தேன். இங்கே அதற்கு 'எக்பிளாண்ட்' என்று பெயர். பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு அன்று அழுகை வந்துவிட்டது.

அப்புறம் நூலகத்திலேயே அந்தப் படத்தில் நடித்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரெஞ்சு தேசிய கீதத்தைக் கண்ணீரோடு பாடும் இளம்பெண் மதலேன் லெபோ, 1940-இல் ஜெர்மன் படைக்குத் தப்பி லிஸ்பன் வழியாகவே வந்தவர். அவரும் கணவர் மார்செல் தாலியோவும் வைத்திருந்த சிலி நாட்டு விசா போலி என்று வழியில்தான் தெரிந்திருக்கிறது. அந்தத் தாலியோதான் படத்தில் சூதாட்ட மேசையில் சக்கரம் சுழற்றுபவர். நாஜி அதிகாரியாக வரும் கான்ராட் வைட், யூத மனைவியோடு 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது கீதக் காட்சியில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

2015-இல் எச்4 விசாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது. எனக்கும் கிடைத்தது. அட்டை தபாலில் வந்த அன்று இரவு இருவருமாக அதே படத்தைத்தான் போட்டோம்.

அந்த முதிய தம்பதி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்களா என்று படம் காட்டுவதில்லை. அன்றைக்கு என் கணவர் அதைத்தான் கேட்டார். சேர்ந்துவிட்டார்கள் என்றேன். அந்த வேடங்களில் நடித்த லுட்விக் ஸ்டோசல், இல்கா க்ரூனிங் இருவருமே நாஜிகளுக்குத் தப்பி வந்த நாடகக் கலைஞர்கள். மணி கேட்டுப் பேசிய அவர்களின் மேசை போடப்பட்டிருந்தது மொராக்கோவில் இல்லை, கலிபோர்னியாவில்.