கோட் சைனிங் டோக்கன் வாங்கப் போகிறீர்களா? பில்ட் சர்வர் ரிமோட்டில் இருந்தால் முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் விண்டோஸ் மென்பொருளுக்கான கோட் சைனிங் சான்றிதழ் (மென்பொருள் எங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட உதவுவது) ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது, அப்பாடா. முன்பெல்லாம் சான்றிதழும் அதன் கீயும் சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பை, மென்பொருளை உருவாக்கும் பில்ட் சர்வரில் போட்டு, பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டில் எழுதினால் முடிந்தது. 2023 ஜூன் 1 முதல் பிரைவேட் கீ (கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி), ஃபிப்ஸ் 140-2 லெவல் 2 என்ற பாதுகாப்புத் தரம் அல்லது அதற்கு இணையான தரமுள்ள வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். விதியில் தப்பில்லை, 2022-இல் என்விடியாவிலிருந்து கசிந்த சான்றிதழ்களை வைத்து மால்வேருக்கே கையெழுத்துப் போட்டார்களே.

சான்றிதழ் தரும் நிறுவனம் எங்கள் கம்பெனியைச் சரிபார்ப்பதில்தான் முதல் இழுபறி. முகவரியில், ஒரு ஆவணத்தில் மாடி எண் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்று திருப்பினார்கள். அது சரியானதும், பொது டைரக்டரியில் உள்ள எண்ணுக்குத்தான் கூப்பிடுவோம் என்றார்கள். அங்கே இருந்ததோ நாங்கள் எப்போதோ சரண்டர் செய்த லேண்ட்லைன்! ஆடிட்டரின் லெட்டர்பேடில் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகே ஃபைல் நகர்ந்தது. நீங்கள் அந்தக் கடிதத்தை முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

கூரியர் ஒழுங்காக வந்தது. கீ உள்ளே இருக்கும் டோக்கனை (யூஎஸ்பி கருவி) சர்வரில் செருகி, ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போனால் டோக்கனே இல்லை என்கிறது. சப்போர்ட்டில் கேட்டால் டிரைவரை மறுபடி போடுங்கள், போர்ட்டை மாற்றுங்கள் என்று ஒரே பல்லவி. விஷயம் என்னவென்றால், ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தவருக்கு அவர் உட்கார்ந்திருக்கும் கணினியில் செருகிய ஸ்மார்ட் கார்டைத்தான் (டோக்கனும் அந்த வகைதான்) விண்டோஸ் காட்டும், சர்வரில் இருப்பதைக் காட்டாது. சர்வர் இருக்கும் இடத்துக்கே போய் நேராக லாகின் செய்தேன், உடனே தெரிந்தது. விற்பவர்கள் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். இப்போது சர்வரின் திரையையே அப்படியே காட்டும் விஎன்சியில் சமாளிக்கிறோம்.

அப்புறம், ஒவ்வொரு கோப்புக்கும் பாஸ்வேர்டு கேட்டு உயிரை வாங்கும். டோக்கனோடு வரும் மென்பொருளில் சிங்கிள் லாகான் (ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் போதும் என்ற வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். தவறான பாஸ்வேர்டோடு ஸ்கிரிப்ட்டை மட்டும் ஓடவிடாதீர்கள். சில முறை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், அட்மின் பாஸ்வேர்டும் கையில் இல்லையென்றால் அழித்துத் தொடங்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் கீயை நகலெடுத்து வைக்கவும் வழியில்லை. சர்வர் முழுக்க க்ளவுடில் இருந்தால் டோக்கன் பக்கமே போகாமல் க்ளவுட் எச்எஸ்எம் (கீயை க்ளவுடில் உள்ள பாதுகாப்பு வன்பொருளிலேயே வைக்கும் சேவை) கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் கருவியான சைன்டூலில் டைம்ஸ்டாம்ப் (கையெழுத்திட்ட நேரத்துக்கான சான்று) சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியானதும் பழைய இன்ஸ்டாலரின் கையெழுத்தும் செல்லாது. இவ்வளவும் செய்து வெளியிட்டால், புது சான்றிதழுக்கு இன்னும் நற்பெயர் சேரவில்லை என்று விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்க்ரீன் அதே நீல எச்சரிக்கையைக் காட்டுகிறது. வாடிக்கையாளர்களுக்கு இப்போது அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.