ஒரே பிரிண்டர், விதவிதமான கணினிகள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரே பிரிண்டரைப் பகிர வழி கேட்டால் உடனே வரும் பதில் சம்பா, லினக்ஸ் கணினியை விண்டோஸ் சர்வர் போலப் பேசவைக்கும் மென்பொருள். கோப்புகளைப் பகிர அது அருமையானது, பிரிண்டருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. சர்வரில், அதாவது பிரிண்டரைப் பகிரும் கணினியில், வைத்த டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) விண்டோஸ் தானே இறக்கிக்கொள்ளும் என்பதுதான் அதில் இருந்த பெரிய வசதி. 2021-ல் பிரிண்ட்நைட்மேர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை இறுக்கிவிட்டது, இப்போது அட்மின் உரிமை இல்லாமல் டிரைவர் ஏறாது. ஒவ்வொரு மேசையாகப் போய்க் கடவுச்சொல் அடிப்பதற்கு எதற்கு ஒரு சர்வர்?

சரி, வேறு என்ன வழி? ஐபிபி, அதாவது கணினியும் பிரிண்டரும் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் பொதுவான முறை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள் 1999-ல் வந்த நாளிலிருந்தே பேசுவது இதைத்தான், மேக்கின் உள்ளே ஓடுவதும் கப்ஸ்தான், விண்டோஸுக்கும் இது தெரியும். பிரிண்டருக்கான அசல் டிரைவர் சர்வரில் மட்டும் இருக்கட்டும், மற்ற கணினிகள் எல்லாம் பொதுவான வடிவத்தில் அனுப்பினால் போதும், மாற்றிக்கொள்கிற வேலை சர்வருடையது.

சர்வருக்கு ஒரு பழைய கணினி போதும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி வாங்கும் யோசனை இருந்தால் முதலில் உங்கள் பிரிண்டரின் டிரைவரைப் பாருங்கள். சில நிறுவனங்கள் லினக்ஸ் டிரைவரை இன்டெல் வகை பிராசஸருக்கு மட்டுமே கட்டித் தருகின்றன, அது ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஆர்ம் சிப்பில் ஓடாது. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் முறை தெரிந்த பிரிண்டர் என்றால் பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது, கவலையில்லை.

கப்ஸை நிறுவியதும் அதே கணினியின் பிரவுசரில் 631 போர்ட்டைத் (localhost:631) திறந்து பிரிண்டரைச் சேர்த்துவிடலாம். பகிர்வுக்கு இரண்டு இடத்தில் டிக் போட வேண்டும், நிர்வாகப் பக்கத்தில் ஒன்று, அந்தப் பிரிண்டருக்கென்று தனியாக ஒன்று. இரண்டாவதை விட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. க்யூவுக்கு, அதாவது கப்ஸில் சேர்த்த அந்தப் பிரிண்டருக்கு, இடைவெளி இல்லாத சின்னப் பெயராக வையுங்கள், பின்னால் அதை முகவரியில் கையால் அடிக்க வேண்டிவரும். சர்வரின் ஐபி முகவரியை ரூட்டரில் நிலையாகக் கட்டிப்போடுங்கள்.

நெட்வொர்க்கில் பிரிண்டரை அறிவிக்கும் அவாஹி என்ற சேவை சர்வரில் ஓடினால் மேக்கும் லினக்ஸும் பிரிண்டரைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஐபோனும் பெரும்பாலும் அப்படியே. பட்டியலில் வரவில்லையென்றால் ஃபயர்வாலில் இந்தத் தேடலுக்கான யுடிபி 5353 போர்ட் திறந்திருக்கிறதா, கணினி விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

விண்டோஸில்தான் கொஞ்சம் கை வைக்க வேண்டும். தானாகத் தேடட்டும் என்று காத்திருக்காமல், பகிரப்பட்ட பிரிண்டரைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் இடத்துக்குப் போய் ஹெச்டிடிபி, சர்வரின் ஐபி, 631, அப்புறம் பிரிண்டர்ஸ் என்ற ஆங்கிலச் சொல், கடைசியில் க்யூவின் பெயர் என்று முழு முகவரியையும் (http://ஐபி:631/printers/பெயர்) கொடுங்கள். டிரைவர் கேட்டால் பிரிண்டர் கம்பெனியின் டிரைவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்! அது பிரிண்டருக்குப் புரியும் மொழியிலேயே எழுதி அனுப்பும், சர்வர் அதை மறுபடி மாற்றப் பார்க்கும், பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்துகள் வந்து விழும். மைக்ரோசாஃப்டின் ஐபிபி கிளாஸ் டிரைவர், பழைய விண்டோஸ் என்றால் பொதுவான ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர், இவையே போதும். ஐபிக்குப் பதில் சர்வரின் பெயரைக் கொடுத்து 400 பிழை வந்தால், அந்தப் பெயரைத் தன்னுடையதென்று கப்ஸ் ஏற்கவில்லை என்று அர்த்தம், அதன் அமைப்புக் கோப்பில் சர்வர்அலையஸ் வரியில் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும்.

631 போர்ட் உள் நெட்வொர்க்கோடு நிற்கட்டும், ரூட்டர் வழியாக வெளியே திறந்துவிடாதீர்கள். 2024-ல், நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு சேவையில் வெளிவந்த ஓட்டைகள் இந்தப் போர்ட்டின் யுடிபி வழியாகத்தான் நுழைந்தன.

அப்புறம் எரர் பாலிசி, ஒரு வேலை தவறினால் கப்ஸ் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. ஒரு வேலை பிழையில் முடிந்தால் க்யூவையே நிறுத்திவிடுவது கப்ஸின் பழைய வழக்கம். யாரோ அனுப்பிய கோணல் பிடிஎஃப் ஒன்றுக்காக மற்றவர்கள் எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். பிரிண்டரின் பாலிசிப் பக்கத்தில் அதை அபார்ட் ஜாப் என்று மாற்றிவிட்டால் அந்த வேலை மட்டும் விழும், அடுத்தது போய்க்கொண்டே இருக்கும்.