ஆடிய தாடையும் போன மதிப்பெண்ணும்

முதுகலை விலங்கியல் முதலாண்டு செய்முறைத் தேர்வு. வாய்மொழிக் கேள்விக்கு உள்ளே போனதும் வெளித்தேர்வாளர் எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் ஒரு கீழ்த்தாடையை வைத்து, அதன் முன்பக்கத்தைப் பென்சிலால் மெல்ல அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். தாடை தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடியது.

"சொல்லும்மா, இது எது?"

"புலி சார்."

அவர் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த எலும்பை எடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, போச்சு என்று.

அது சிங்கம். சிங்கத்தின் கீழ்த்தாடை அடிவிளிம்பு வளைந்திருக்கும். சமதளத்தில் வைத்துத் தொட்டால் ஆடும். புலியின் அடிவிளிம்பு ஏறக்குறைய நேராக, நடுவில் கொஞ்சம் குழிந்துகூட இருக்கும், ஆடாமல் உட்காரும். தோலை உரித்துவிட்டால் இரண்டின் மண்டையோட்டையும் பிரித்துச் சொல்வது லேசான வேலை இல்லை. அதனால்தான் அந்தப் பென்சில். அவர் எனக்குத் துப்பே கொடுத்திருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை.

முதல் நாள் இரவு நான் படித்தது என்ன தெரியுமா? புலி எத்தனை கிலோ, சிங்கத்தின் கடி எத்தனை பவுண்டு, சிறுத்தை எத்தனை அடி தாண்டும். நடுவில் "புலியா, சிங்கமா, யார் ஜெயிப்பார்" என்று இரண்டு காணொளி வேறு. கடிவிசைக்கு இடத்துக்கு இடம் ஓர் எண் போட்டிருந்தார்கள். எப்படி அளந்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. தேர்விலும் அந்த எண்களில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை படிக்கும்போது வேட்டையை நான்காக வெட்டிக்கொண்டேன்: நெருங்குவது, பிடிப்பது, கொல்வது, தின்பது. உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் இந்த நான்கில் எதற்கு உதவுகிறது என்று எழுதிக்கொண்டே போனேன். மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்தது.

நெருங்குவதற்கு: விரல்களால் ஊன்றி நடக்கும் கால், உறைக்குள் மடங்கும் நகம், உடம்புக் கோடுகள். புலியின் நிறம் நமக்குத்தான் ஆரஞ்சு. மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புசெல்கள் இரண்டு வகைதான், அதனால் அதற்குப் புலி பச்சைப் புதரோடு கலந்துபோகும். பிடிப்பதற்கு: முன்னங்கால். பூனைக் குடும்பத்தில் காறை எலும்பு (நமக்குத் தோளையும் மார்பெலும்பையும் இணைப்பது) சிறுத்துப்போய் எலும்புக்கூட்டோடு சேராமல் தசைக்குள் கிடக்கிறது. தோள்பட்டை தசையில்தான் தொங்குகிறது. தாவும்போது காலை நன்றாக வீசலாம். அந்தக் காலாலேயே இரையை அணைத்துச் சாய்க்கலாம்.

கொல்வதில்தான் நம் ஊர்ப் பேச்சு வழிதவற வைக்கும். "ரத்தம் குடிக்கும்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், இல்லையா? கொல்லும் விதம் வேறு. சிறிய இரை என்றால் புலி பிடரியில் கடித்துக் கழுத்தெலும்பை முறிக்கும். கடமான், காட்டுமாடு போன்றவை என்றால் தொண்டையைக் கவ்விக்கொண்டு மூச்சு அடங்கும்வரை சில நிமிடம் விடாது. தென் அமெரிக்க ஜாகுவார் இதில் தனி ரகம், மண்டையோட்டையே கோரைப்பல்லால் துளைத்துவிடும்.

தின்பது புரிய எனக்கு ஓர் ஆட்டுத்தலை தேவைப்பட்டது. கறிக்கடையில் வாங்கி வந்து வேகவைத்து, கறியை எடுத்துவிட்டுத் தாடையைத் தனியாகக் கழுவிக் காயவைத்தேன். மாடியில் எலும்பு காய்வதைப் பார்த்து அம்மா திட்டியது தனிக்கதை. கடைவாய்ப் பற்கள் கொத்திய அம்மி மாதிரி வரிவரியாக இருந்தன. தாடையை மூட்டில் பொருத்திப் பார்த்தால் பக்கவாட்டில் தாராளமாக நகரும், அரைக்க வேண்டுமே! அதைக் கையில் வைத்துக்கொண்டே கல்லூரி அருங்காட்சியகத்தில் புலி மண்டையோட்டின் முன் நின்றேன். மூட்டு உருளைபோல ஆழமான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் மேலும் கீழும்தான் போகும், பக்கவாட்டு அசைவு மிகக் கொஞ்சம். மேலே கடைசி முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதல் கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று உரசிக் கத்தரிக்கோலாக வெட்டுகின்றன. கார்னேசியல் என்பது இந்த ஜோடிதான். ஆறு மாதமாக நான் உருப்போட்டும் நிற்காத சொல், அந்தப் பத்து நிமிடத்தில் நின்றது.

பல் எண்ணிக்கை அவசியம் படியுங்கள்: புலிக்கு 30, கழுதைப்புலிக்கு 34, நாய்க்கு 42, செந்நாய்க்கு 40. பற்சூத்திரம் (எந்த வகைப் பல் எத்தனை என்று காட்டும் எண்வரிசை) ஒரு பக்கத்துக்குத்தான், இரண்டால் பெருக்க வேண்டும். இதிலும் நான் ஒரு மதிப்பெண் விட்டவள்.

செந்நாயைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் 12 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும் பிராணி, கூட்டமாகத் துரத்திப் புள்ளிமானைச் சாய்த்துவிடும். 1970களில் பந்திப்பூரில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங், நாங்குநேரிக்காரர், சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். வலிமை பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது புலியோடு நிறுத்திவிடாமல் செந்நாய்க் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

தோல்வியையும் எழுதுங்கள். 1960களில் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காட்டில் புலிகளைக் கவனித்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலரின் கணிப்புப்படி, இருபது முறை முயன்றால் ஒருமுறைதான் இரை சிக்கும். 400, 500 கிலோ எடையுள்ள ஆண் துருவக்கரடி பனித்துளை அருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்துக்கிடக்கிறது, சீல் மூச்சுவிட மேலே வரும் என்று. அந்த எடையை வைத்துக்கொண்டு துரத்தவா முடியும்?

தமிழ்வழியில் எழுதுபவர்களுக்கு ஒன்று. லெப்பர்டுதான் சிறுத்தை, சீட்டா சிவிங்கிப்புலி. செய்தித்தாள் முதல் வினாத்தாள் வரை இரண்டையும் குழப்புகிறார்கள். "அதிவேகச் சிறுத்தை" என்று கேள்வி வந்தால் ஆங்கில வடிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சிவிங்கிப்புலியின் வேகத்தைப் பற்றி எழுதும்போது, போட்ஸ்வானாவில் கழுத்துப்பட்டைக் கருவி கட்டி அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அதில் பதிவான உச்ச வேகம் மணிக்கு சுமார் 93 கிலோமீட்டர். பெரும்பாலான துரத்தல்கள் அதைவிட மிகக் குறைந்த வேகத்தில்தான் நடந்தன. சட்டென்று வேகம் குறைத்துத் திரும்புவதில்தான் வித்தை இருக்கிறது.

மறு ஆண்டு அதே மேசை, வேறு தேர்வாளர். பாதி உடைந்த கீழ்த்தாடை ஒன்றை நீட்டினார். கோரைப்பல் விழுந்திருந்தது. நான் பின்பக்கம் எண்ணினேன். கார்னேசியலுக்குப் பின்னால் ஒரே ஒரு பல், அதற்கப்புறம் எலும்புதான். நாய் என்றால் இரண்டு இருந்திருக்கும்.

"செந்நாய் சார்."

தலையாட்டினார். அடுத்து அவர் எடுத்து வைத்தது பாம்பின் தாடை. அதை நான் படிக்கவே இல்லை.