நிறம்: பள்ளி திறந்த மாதத்துக் குறிப்புகள்

2024 ஜூன் 12, அம்பாசமுத்திரம்

புதுப் பத்தாம் வகுப்பு. நோட்டு வாங்கக் கை நீட்டிய ஒரு பையனின் மணிக்கட்டில் கயிறு இல்லை. கயிறு இருந்த இடம் மட்டும் பட்டையாக வெளுத்து, நூல் முறுக்கின் தடம்கூட அப்படியே பதிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே கழற்றிப் பைக்குள் போட்டிருப்பான். சாயங்காலம் பஸ் ஏறுமுன் திரும்பக் கட்டிக்கொள்வான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: எங்கள் பக்கம் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும். எந்த நிறம் யாருக்கு என்று இங்கே எழுதமாட்டேன்.

கயிறே இல்லாத கையைப் பார்த்தும் அது என்ன நிறமாக இருந்திருக்கும் என்று மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. அவன் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 15

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு விசேஷ வீடு. சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் சைவ சித்தாந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. சிவஞான முனிவர் பிறந்த ஊர் அல்லவா, அங்கே அது சகஜம்.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இருப்பது பன்னிரண்டே சூத்திரங்கள். அதற்கு முனிவர் எழுதிய பேருரையான மாபாடியம் மலைபோல் நிற்கிறது. அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பது. படிகம் தன் பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கும். ஜெர்மனியில் ஹுஸ்ஸெர்ல் என்ற தத்துவவாதி (1859–1938) இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார். உணர்வு என்பது எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய உணர்வு, வெறும் உணர்வு என்று தனியே ஒன்றில்லை என்றார். ஆனால் அவருடைய உணர்வு பொருளை நோக்குகிறது. மெய்கண்டாருடைய உயிர் பொருளில் தோய்ந்துவிடுகிறது. நான் மெய்கண்டார் கட்சி. ஆறாம் வகுப்பில் கயிறு கட்டும் பையன் அந்த நிறத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அந்த நிறமாகவே ஆகிவிடுகிறான்.

ஒரு உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் சூத்திரத்தில், ஐம்புலன்களில் மயங்கித் தன்னை மறந்த உயிருக்கு, வேடரிடம் வளர்ந்து தான் யாரென்று மறந்த அரசகுமாரன் உவமை. தத்துவம் சரிதான், ஆனால் வேடர் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள்தானே சோறு போட்டு வளர்த்தார்கள்? திண்ணையில் இதைக் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பேச்சைக் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்.

ஜூன் 19

ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தன் அறிக்கையை நேற்று முதல்வரிடம் கொடுத்துவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கையையும் விடவில்லை. அதன்பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழு இது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதிலும் நிறத்தால் சாதி காட்டக் கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள்.

ஆசிரியர் அறையில் பாதிப் பேர் இதெல்லாம் நடக்காது என்றார்கள். மீதிப் பேர் டீ குடித்தார்கள்.

ஜூன் 21

நெல்லையப்பர் தேர், உள்ளூர் விடுமுறை. கூட்டத்துக்குப் பயந்து போகவில்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி லெவினாஸைப் படித்தேன்.

ஜூன் 23

லெவினாஸ் 1906-இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் பிறந்த யூதர். பிரான்சுக்குப் போய்ப் படித்து அந்நாட்டுக் குடிமகனானார். ஹுஸ்ஸெர்லின் ‘தெக்கார்த் தியானங்கள்’ என்ற நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த இருவரில் ஒருவர். அதில் ஐந்தாவது தியானம் மற்றவரைப் பற்றியது. மற்றவனின் மனம் எனக்கு நேரடியாகக் கிடைத்துவிட்டால் அவன் மற்றவனே இல்லை, அவனும் நானும் ஒன்றாகிவிடுவோம் என்று ஹுஸ்ஸெர்ல் அங்கே ஒத்துக்கொள்கிறார். லெவினாஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார். அறிவது என்பதே எதிரில் இருப்பதை எனதாக்கிக்கொள்ளும் வேலை. அதற்கு அடங்காதது மற்றவரின் முகம். மூக்கு, நெற்றி, கண் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கிய உடனே அந்த முகம் பொருளாகிவிடும். எதிரே இருப்பவரின் கண் என்ன நிறம் என்றுகூட கவனிக்காமல் இருப்பதே அவரைச் சந்திக்கச் சிறந்த வழி என்று ஒரு பேட்டியில் சொல்கிறார்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். எங்கள் ஊரில் ஒருவரைச் சந்தித்தால் ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று இரண்டு கேள்வியில் நிறத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த பேச்சே.

அவர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டு மட்டும் எழுதியவர் அல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியரிடம் சிக்கி, போர் முடியும்வரை கைதி முகாமில் இருந்தார். யூதக் கைதிகளைத் தனிப் பிரிவாக வைத்துக் காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். லித்துவேனியாவில் இருந்த பெற்றோரும் சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் எதிர்ப்படும் ஊர்க்காரர்களின் பார்வை தங்கள் மனிதத் தோலையே உரித்தது என்று பின்னாளில் எழுதினார். அந்த முகாமுக்கு எங்கிருந்தோ ஒரு நாய் வந்து சேர்ந்தது. கைதிகள் அதற்கு பாபி என்று பெயர் வைத்தார்கள். காலையில் அணிவகுக்கும்போதும் மாலையில் திரும்பும்போதும் துள்ளிக் குரைத்து வரவேற்கும். அதற்கு அவர்கள் மனிதர்கள்தான் என்பதில் சந்தேகமே இல்லை. சில வாரங்களில் காவலர்கள் அதையும் விரட்டிவிட்டார்கள்.

மனசாட்சிக்கு வருவோம். ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்கிறது குறள். சின்ன வயதில் இருந்து நான் நம்பியது அதைத்தான். ஆனால் நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களுக்கும் நெஞ்சு உண்டே, ஏன் சுடவில்லை? தெருவின் நிறத்தில் தோய்ந்த நெஞ்சு தன் தெருக்காரனுக்காக மட்டும்தான் சுடும் என்று தோன்றுகிறது. உள்ளே இருக்கும் சாட்சியும் படிகம்தான். மனசாட்சி எனக்குள் முளைப்பதல்ல, எதிரே நிற்பவன் என்னைக் கேள்வி கேட்பதில்தான் தொடங்குகிறது என்று லெவினாஸ் சொல்வதை இந்த இடத்தில் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஜூன் 28

பி.டி. மாஸ்டர் அண்ணாச்சியிடம் லெவினாஸின் கண் நிறக் கதையைச் சொன்னேன். விசிலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அது சரி வே. நீரு நிறமே பாக்கமாட்டேன்னு இருந்தா, தண்ணி டேங்க் பக்கம் அடிபடுதவன் ஏன் அடிபடுதான்னு உமக்கு எப்பிடித் தெரியும்?”

நல்ல அடி. நிறம் பார்க்கமாட்டேன் என்பது பார்க்காமலே காலம் தள்ளக்கூடிய ஆட்களுக்கு வசதியான கொள்கை. லெவினாஸிடம் இதற்குப் பாதி பதில் இருக்கிறது. எதிரே இருப்பவர் ஒருவர் மட்டும் என்றால் கணக்கே வேண்டாம். ஆனால் மூன்றாமவர் ஒருவர் எப்போதும் உண்டு. அவர் வந்ததும் யாருக்கு முதலில், யாருக்கு அதிகம் அநீதி என்று ஒப்பிட்டே ஆக வேண்டும். நீதியும் சட்டமும் அங்கேதான் வருகின்றன. அறிக்கை எழுதியவர் நிறத்தை எண்ணித்தான் ஆக வேண்டும், வகுப்பில் நிற்கும் நான் பெயரைக் கற்றுக்கொள்ள வேண்டும். மீதிப் பாதி பதில்? அண்ணாச்சி கேட்டது வகுப்பைப் பற்றித்தான், அங்கேயும் நான் கணக்குப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே கண்ணால் எப்படிச் செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 6

உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல் என் வகுப்பில் அகரவரிசை போட்டுவிட்டேன். முதல் நாள் முணுமுணுப்பு. ஒருவனின் அப்பா போனில் கேட்டார், நேராகக் கேட்காமல் “பையனுக்குப் போர்டு தெரியலையாம் சார்” என்று. தெரிகிற இடம்தான் என்றேன். அப்புறம் பேசவில்லை.

பக்கத்து செக்‌ஷனில் பழைய வரிசையே. கயிறு கழன்ற பையன்கள் அதே நிறத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள் என்று அண்ணாச்சி எனக்குக் காட்டினார். இதயம், கொடி, சட்டை, எல்லாம் நிறம்தான். அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் பைச் சோதனையைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறாராம். உட்காரும் வரிசையையும் சேருங்கள் என்று ஒரு பக்கம் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.