அரைக்கட்டை கம்மி

அக்டோபர் 9, 2024, புதன்

ஆனந்தகிரி பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள். பழைய சாமான் எடுக்கிறவர் கட்டிலையும் அலமாரியையும் வேனில் ஏற்றிவிட்டு, "இது உங்க ஐட்டம்" என்று ஒரு உரச் சாக்கை என் ரிப்பேர் கடை வாசலில் இறக்கினார். முந்நூறு ரூபாய். நல்ல மழை, பேரம் பேசவில்லை.

உள்ளே பதினொரு எல்.பி. தட்டு, ஆறு எழுபத்தெட்டு (நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று ஓடுகிற பழைய தட்டு), ஒரு ஸ்பூல் டேப். கொடைக்கானலில் இசைத்தட்டு வைத்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. இரண்டு மழைக்காலம் போதும், உறைக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, லேபிள் நனையாமல், பள்ளம் ஓடுகிற திசையிலேயே பஞ்சால் துடைத்துக் காய வைத்தேன். போகாத இடத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆனால் எழுபத்தெட்டுப் பக்கம் அந்த பாட்டிலைக் கொண்டுபோகவே கூடாது. அது அரக்கு, பட்டால் கரைந்து பாட்டே போய்விடும். தொழில் பழகிய புதிதில் அப்பாவின் பாகவதர் தட்டு ஒன்றை அப்படித்தான் ஒழித்தேன். அதற்கு வாங்கிய அறை இன்னும் இடது காதில் இருக்கிறது.

ஸ்பூல் டப்பா மேல் பென்சிலில் 'ஜூன் 74, ஹால்' என்று எழுதியிருக்கிறது. நான் பிறந்த வருஷம்.

அக்டோபர் 10, வியாழன்

அக்கா மகன் இ-பாஸ் எடுத்து கோவையிலிருந்து பைக்கில் வந்துவிட்டான். பெருமாள்மலையில் மழை பிடித்து, கடைக்குள் நுழையும்போது முழங்கால் வரை சேறு. பகலில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறான், ராத்திரியில் நான்கு பேர் சேர்ந்து பேண்ட். தலைமுடி தோளைத் தொடுகிறது. அக்காவுக்கு அதுதான் கவலை.

கடையில் அப்பா கட்டிய வால்வ் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. "மாமா, இதுல ஒண்ணு கேளுங்க" என்று கிரேட்டா வான் ஃப்ளீட் என்கிற ராக் குழுவைப் போட்டான். மூன்று நொடியில், "டேய், இது லெட் செப்பலின் இல்லையா?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அவன் அம்மாவும் இதையேதான் கேட்டாளாம்.

இந்தக் குழுவுக்கு அமெரிக்காவின் மிச்சிகனில் ஃப்ராங்கன்முத் என்கிற சின்ன ஊர். அண்ணன் தம்பி மூன்று பேர், டிரம்ஸுக்கு ஒரு நண்பன். லெட் செப்பலின் 1980-லேயே கலைந்த இங்கிலாந்து ராக் குழு. ஃப்ராங்கன்முத் பாடகனும் கிதார்காரனும் இரட்டையர், பிறந்ததே 1996-ல். 2018-ல் வந்த அவர்கள் ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்கிற இசை விமர்சனத் தளம் 10-க்கு 1.6 மார்க் போட்டுக் கிழித்தது. நாலு மாதம் கழித்து, அதற்கு முந்தைய தட்டுக்கு கிராமி கொடுத்தார்கள். இரண்டுமே அதிகம் என்பது என் கட்சி. பையன் நன்றாகப் பாடுகிறான். உச்சிக்குப் போகும்போது தொண்டையைக் கசக்கி ஒரு அலறல் விடுகிறானே, அது பொய்யில்லை. ஆனால் அடுத்து எங்கே நிற்பான், எங்கே டிரம்ஸ் விழும் என்று எனக்கு முன்னாடியே தெரிகிறது. தெரிந்த வீட்டுக்குள் இருட்டில் நடப்பது மாதிரி, ஒரு இடத்திலும் இடித்துக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னதும் அவன் திருப்பி அடித்தான்: "உங்களுக்கு யாருக்கும் தெரியாததா இருந்தாத்தான் பிடிக்கும். நாலு பேருக்குத் தெரிஞ்சுட்டா விட்டுடுவீங்க."

பதில் வரவில்லை. பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

ஸ்பூல் மெஷின் பரணிலிருந்து இறங்கிவிட்டது. பெல்ட் உருகித் தாராகி கப்பியில் ஒட்டிக் கிடக்கிறது. பழைய ரப்பருக்கு அதுதான் கதி. விரலில் பட்டால் மூன்று நாள் போகாது. சுரண்டி எடுக்கலாம் என்றால் சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால். இன்று எதையும் தொடக் கூடாது. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பொரிகடலையைத் தின்றுகொண்டே டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் நேற்று சொன்னது ராத்திரி முழுக்க உறுத்தியது. அதனால் அவனுக்கு இன்னொரு மிச்சிகன் குழுவைப் போட்டுக் காட்டினேன். இதுவும் அண்ணன் தம்பி மூன்று பேர். டெட்ராய்ட், கறுப்பினப் பையன்கள். குழுவுக்கு டெத் என்று பெயர். 1975-ல் ஏழு பாட்டுப் பதிவு செய்தார்கள். பெயரை மாற்றினால் வெளியிடுகிறோம் என்றது கம்பெனி. மூத்தவன் முடியாது என்றான். சொந்தக் காசில் ஐந்நூறு பிரதி ஒரு சின்னத் தட்டு போட்டதோடு சரி. 2009-ல்தான் அந்த ஏழும் ஆல்பமாக வந்தது. மூத்தவன் 2000-லேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

கேட்டவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கதையைச் சொல்லாம போட்டிருந்தா இவ்வளவு பிடிச்சிருக்குமா மாமா?" என்றான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய பயல்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

காலை ஏழுக்கே கடை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கப்பியில் இருந்த தாரைத் துடைத்து, கேசட் டெக் ஒன்றிலிருந்து சதுரப் பெல்ட்டை மாட்டினேன். கொஞ்சம் தளர்ச்சி. ஹெட்டில் பழுப்பாகப் படிந்திருந்ததைச் சுத்தம் செய்து, டேப்பைக் கோத்து சுவிட்சைப் போட்டேன்.

முதலில் இரைச்சல். நாற்காலி இழுக்கிற சத்தம். யாரோ தமிழில், "டேய் கதவைச் சாத்துடா, மழை உள்ள வருது." அப்புறம் கிதார்.

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் தெரிந்த ஒரு இங்கிலீஷ் பாட்டு. எனக்கும் மனப்பாடம். ஆனால் இவர்கள் இரண்டாவது வரியிலேயே வழி தவறிவிடுகிறார்கள். மேஜர் கார்ட் வர வேண்டிய இடத்தில் மைனர். வெயில் அடிக்கிற பாட்டு, அந்த இடத்தில் மட்டும் மேகம் மூடிக்கொள்கிறது. ஒருமுறை தவறு என்று விடலாம், ஒவ்வொரு முறையும் அதையேதான் வாசிக்கிறார்கள். அடி பலமாக விழுவதைப் பார்த்தால் கையில் இருந்தது பேண்ட் செட் டிரம்மாக இருக்க வேண்டும். இரண்டாம் சரணத்துக்குப் பாடகனுக்கு வார்த்தை தெரியவில்லை. என்னவோ உளறுகிறான், ஆனால் தயங்கவே இல்லை.

மாப்பிள்ளை நாலு தடவை கேட்டான். கதை எதுவும் நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது.

அக்டோபர் 13, ஞாயிறு

ராத்திரி தூங்காமல் டேப்பை லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறான். "மாமா, கிதார் சுருதி அரைக்கட்டைக்கு மேல கம்மியா இருக்கு. அவங்க இறக்கி வாசிச்சாங்களா, உங்க மெஷின் மெதுவா ஓடுதா?"

நல்ல கேள்வி. திரையில் ஒலியைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டினான். அடியில் இரண்டு கோடு. ஒன்று சரியாக 50 ஹெர்ட்ஸ், அது இன்றைக்கு என் மெஷினில் ஓடுகிற கரண்டின் ஹம், அதாவது ரீங்காரம். அதற்குக் கீழே 47-ல் மங்கலாக இன்னொன்று. அது டேப்பிலேயே பதிவாகியிருக்கும் அன்றைய ஹம், அதுவும் 50-ஆகத்தானே இருக்க வேண்டும். "அப்ப உங்க மெஷின்தான் ஸ்லோ" என்று கைதட்டினான். அவசரப்படாதே என்றேன். அந்தக் காலத்தில் கரண்ட் எங்கே 50-ல் நின்றது? லோடு ஏறினால் 49, அதற்கும் கீழே போகும். ஹம்மை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது.

மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டபடி பழைய சண்டையைத் தொடர்ந்தோம். இந்தத் தடவை எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நான் சொன்னது இதுதான்: டேப்பில் இருக்கிற இவர்களும் காப்பிதானே அடித்தார்கள். 1970, 71-ல் சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக நடந்த சிம்லா பீட் பேண்ட் போட்டியின் தட்டுகளைக் கேட்டாலும் அதுதான். ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் குழு உட்பட எல்லாப் பையன்களுக்கும் லண்டன் மேல்தான் கண். ஜாம்பியாவில் செம்புச் சுரங்கப் பக்கத்திலிருந்து வந்த விட்ச் குழு, 1975-ல் போட்ட தட்டில் கரகரக்கிற ஃபஸ் கிதாரை வைத்துக்கொண்டு அடித்ததும் அங்கிருந்து எடுத்ததுதான். ஆனால் இவர்கள் கேட்டது சிற்றலை ரேடியோவில், ஏறி இறங்குகிற சத்தத்தில், வாரத்துக்கு ஒருமுறை. இந்த மலையில் சிலோன் ஸ்டேஷன் எப்படி வரும், எப்படிப் போகும் என்று அப்பா நடித்தே காட்டுவார். பாட்டின் நடுவில் அலை விழுந்துவிட்டால் விட்ட இடத்தை நாமேதான் நிரப்ப வேண்டும். அந்த மைனர் கார்ட் அப்படி நிரப்பியதாகத்தான் இருக்கும். உன் ஃப்ராங்கன்முத் பையன்களுக்கு எந்த இடமும் விட்டுப்போகவில்லை. வேண்டுமானால் செப்பலினின் டிரம்ஸை மட்டும் பிரித்து நூறு தடவை கேட்கலாம்.

"அதுக்காக நான் நெட்டை ஆஃப் பண்ணிட்டா வாசிக்கணும்?" என்றான். அதுவும் சரிதான்.

சாயங்காலம் டேப்பின் கடைசிப் பகுதியைக் கேட்டபோது அவன்தான் கவனித்தான். பாட்டு முடிந்ததும் தூரத்தில் மணி. மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. மாதா கோயில் திரிகால மணி. அதே மணி இன்றைக்கும் அடிக்கிறது. ஆறடிக்கப் பத்து நிமிஷம். குடையை எடுத்துக்கொண்டு ஓடினோம். மூஞ்சிக்கல் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவன் போனைக் குடைக்குள் பிடித்துப் பதிந்தான். மழைச் சத்தத்தைத் தாண்டி மணி கேட்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டேப்பில் இருக்கிற மணி நாலு சதவீதம் கம்மி. அப்படியானால் மெஷின் நாலு சதவீதம் மெதுவாக ஓடுகிறது, தளர்ந்த பெல்ட்தான் காரணம். அதைச் சரிசெய்தால் ஹம் 49-க்கு வருகிறது. கரண்டைப் பற்றி நான் சொன்னதும் சரி. எல்லாம் சரியான பிறகும் கிதார் கட்டையில் நிற்கவில்லை. அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கீழே. ஹாலில் பியானோ இல்லை போலிருக்கிறது. தங்களுக்குள்ளேயே சுருதி சேர்த்துக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் கிளம்பிவிட்டான். மலைப்பூண்டு அரைக் கிலோ, பட்டர்ஃப்ரூட் நாலு. ஹெல்மெட்டுக்குள் முடியைத் திணிக்கவே ஐந்து நிமிஷம்.

அக்டோபர் 20, ஞாயிறு

கோவையிலிருந்து வாட்ஸப்பில் ஒரு ஆடியோ. அவன் பேண்ட் அந்தப் பாட்டை எடுத்திருக்கிறது. டேப்பில் இருந்த அதே மூன்றில் ஒரு பங்கு இறக்கம், அதே மைனர் கார்ட், இரண்டாம் சரணத்தில் அதே உளறல், எழுத்துக்கு எழுத்து. பையன்கள் அந்தத் தப்பை அச்சுப் பிசகாமல் வாசித்திருக்கிறார்கள்.

போன் செய்தான். "நல்லா இருக்கா மாமா?"

"நல்லா இருக்குடா மாப்ள."

கடைசிச் சுற்றில் அவர்கள் டிரம்ஸ்காரன் ஒரு அடி முந்திவிட்டு, அதை மறைக்க அடுத்த நாலு அடியையும் முந்தியே போட்டுக்கொண்டு போகிறான். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை கேட்டேன்.