லைட் எரியலன்னா பெல்ட் மாத்தியாச்சுன்னு அர்த்தமா?

போன தை மாசம் செகண்ட்ஸ்ல ஒரு இன்னோவா எடுத்தேன். 2012 மாடல், 2.5 டீசல், அடுத்த மாடலான இன்னோவா கிரிஸ்டா வர்றதுக்கு முன்னாடி டாக்ஸி ஸ்டாண்டு பூரா நின்னுச்சே அதே வண்டி தான். மீட்டர்ல 1,64,000 ஓடியிருந்துச்சு. டயர் பார்த்தேன், ஏசி பார்த்தேன், அடியில குனிஞ்சு துரு இருக்கான்னு கூட பார்த்தேன், கடைசியா புரோக்கர் கிட்ட "டைமிங் பெல்ட் மாத்தியாச்சாங்கண்ணா"ன்னு கேட்டேன், இன்ஜினுக்குள்ள வால்வு நேரத்துக்கு திறந்து மூட வைக்கிற பெல்ட் அது. அவர் சாவியை திருப்பி மீட்டரை காட்டி, "டைமிங் பெல்ட் மாத்துற நேரம் வந்தா எரியுற டி-பெல்ட் லைட் எரியுதா பாருங்க தம்பி? எரியலைல, அப்ப மாத்தியாச்சு"ன்னுட்டாரு. பில் இருக்கான்னு கேட்டதுக்கு, பழைய ஓனர் வெளிநாடு போயிட்டாராம். எப்பவுமே பழைய ஓனருங்க எல்லாம் வெளிநாட்டுல தான் இருக்காங்க.

எனக்கு இந்த பெல்ட் விஷயத்துல கொஞ்சம் பயம் ஜாஸ்தி, அதுக்கு காரணம் என் மாப்ள ஒருத்தன். அவனோடது ஒரு சின்ன டீசல் கார், பதினோரு வருஷம் ஆச்சு, ஆனா ஓட்டமே கம்மி, 70,000 கூட தாண்டல. பெருந்துறை தாண்டி ஈரோடு பக்கம் போயிட்டு இருக்கும்போது சத்தமே இல்லாம இன்ஜின் ஆஃப். ஓரமா தள்ளி நிறுத்திட்டு செல்ஃப் அடிச்சிருக்கான், வழக்கத்தை விட வேகமா லேசா சர்ருன்னு சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல. பேட்டரி நல்லாத்தானே இருக்குன்னு திரும்பத் திரும்ப அடிச்சிருக்கான். அது தான் தப்பு. அப்படி கனமே இல்லாம சுத்துதுன்னா பெல்ட் அறுந்து, உள்ள காத்தை அழுத்துற கம்ப்ரெஷன் இல்லாம போயிருக்கலாம்னு அர்த்தம், சாவியை விட்டு கையை எடுத்துட்டு இழுவை வண்டிக்கு போன் போடணும், ஆளுங்களை கூப்பிட்டு தள்ளி ஸ்டார்ட் பண்ற வேலையும் கூடாது.

ஏன்னா இந்த பெல்ட் பண்ற வேலை என்னன்னா, கீழ சுத்துற கிராங்கையும் மேல வால்வை திறந்து மூடுற கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்துல வச்சிருக்கிறது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஒரு சுத்து. பிஸ்டன் மேல வர்ற நேரத்துல வால்வு ஒதுங்கி இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளின்னு பெருசா ஒண்ணும் கிடையாது, டீசல்ல கம்ப்ரெஷன் அதிகங்கறதால இன்னும் நெருக்கம். பெல்ட் அறுந்தா கேம் அப்படியே நின்னுடும், கீழ கிராங்க் ஓடுன வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும், திறந்த வால்வு மேல பிஸ்டன் போய் இடிக்கும். மாப்ள வண்டியில எட்டு வால்வும் வளைஞ்சு, இன்ஜின் மேல் பாகமான ஹெட்டை இறக்கி, கூலியோட ஐம்பதாயிரத்தை தாண்டிடுச்சு. பெல்ட் செட்டுக்கு ஆகுறது அதுல ஒரு சின்ன பங்கு தான்.

அவன் புலம்புனது "இன்னும் கிலோமீட்டரே ஆகலையே"ன்னு. கிலோமீட்டர் ஆகல, சரி, வருஷம் ஆயிடுச்சே. அது ரப்பர் தானே, உள்ள ஃபைபர் நூல் வச்சு பல்லு பல்லா பண்ணது, இன்ஜின் சூட்டுல கிடந்தா ஓடலன்னாலும் காயத்தான் செய்யும். அதனால தான் பெல்ட் வண்டிங்க மேனுவல்ல பெரும்பாலும் ரெண்டு கணக்கு போட்டிருப்பாங்க, இத்தனை கிலோமீட்டர் இல்லன்னா இத்தனை வருஷம், எது முன்னாடி வருதோ அது. வண்டிக்கு வண்டி பெரும்பாலும் 60,000ல இருந்து 1,50,000 வரைக்கும் மாறும், அதனால பக்கத்து வீட்டு அண்ணன் கணக்கை கேக்காம உங்க வண்டி புக்கை எடுத்து பாருங்க.

சரி என் வண்டிக்கு வரேன். பல்லடம் ரோட்டுல நமக்கு வழக்கமான மெக்கானிக் அண்ணன் கிட்ட விட்டு லைட் கதையை சொன்னேன், சிரிச்சாரு. "லைட்டுக்கு கண்ணா இருக்கு தம்பி, அது கிலோமீட்டரை மட்டும் தான் எண்ணுது. ரீசெட் பண்றது ரெண்டு நிமிஷம், பெல்ட்டை தொடவே வேண்டியதில்ல"ன்னாரு. நல்ல வேளை இந்த இன்ஜின்ல முன்னாடி பிளாஸ்டிக் கவரை கழட்டுனா பெல்ட் தெரிஞ்சிடும். பார்த்தா பெல்ட் முதுகுல அச்சடிச்ச எழுத்து ஒண்ணு கூட இல்ல, ஒரு ஓரத்துல நூல் பிரிஞ்சு நிக்குது, கேம் ஷாஃப்ட் வழியா ஆயில் வெளிய வராம தடுக்கிற சீல் பக்கம் லேசா ஆயில் கசிஞ்சு பெல்ட்ல பட்டிருக்கு. ஆயில் பட்டா ரப்பர் ஊறி போயிடும். ஃபேன் பெல்ட் மாதிரி கத்தி கூப்பாடு போட்டாவது நமக்கு தெரியும், இது அந்த மாதிரி சத்தம் எதுவும் போடாம அறுந்துடும், விரிசல் வந்தப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தா சில பெல்ட்ல விரிசலே வராமலும் போகும்.

பெல்ட் மட்டும் போதாது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும், அது ஓடுற பாதையில சுத்துற ஐட்லர் பேரிங்கும் சேர்த்து மாத்திடலாம்னாரு, சீலும் போட்டாச்சு. பேரிங் ஜாம் ஆனாலும் புது பெல்ட்டை தூக்கி எறிஞ்சிடும்ல, அதை பழசாவே விட்டு காசு மிச்சம் பிடிக்கிறது வீண். நிறைய கார்ல வாட்டர் பம்ப்பையும் இந்த பெல்ட் தான் சுத்தும், அந்த வண்டிக்காரங்க அதையும் கூடவே போட்டுடணும், ஏன்னா பின்னாடி பம்ப் ஒழுகுனா மறுபடி இதே கூலி கொடுத்து இதே கவரை கழட்டணும். போட்டு முடிச்சதும் உடனே ஸ்டார்ட் பண்ணாம கையால கிராங்கை ரெண்டு முழு சுத்து சுத்தி கிராங்க், கேம் ரெண்டுலயும் போட்டிருக்கிற மார்க் எல்லாம் திரும்ப நேரா வருதான்னு பார்த்தாரு. இதை பார்க்காம சாவி போடுற ஆள் கிட்ட வண்டியை விடாதீங்க, ஒரு பல்லு தள்ளி உக்காந்தா கூட வேலை கெட்டுடும்.

பெல்ட்டுக்கு பதிலா செயின் இருக்கிற வண்டிக்காரங்களுக்கு இந்த தலைவலி இல்ல, கிரிஸ்டாவே செயின் தான், ஆனா ஆயிலை நேரத்துக்கு மாத்தலன்னா செயினும் நீண்டு சத்தம் போடும், அது தனிக்கதை.

கிளம்பும்போது மார்க்கர் எடுத்து கவர் மேல கிலோமீட்டரை எழுதிட்டு இருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, "தேதியையும் எழுதுங்க தம்பி, நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் தானே ஓட்டுவீங்க"ன்னாரு. கீழ பெருசா தேதியை எழுதிட்டு வந்தேன்.